பேசி எழுதும் பிள்ளைக்கு ஒரு கதவு

எந்த மென்பொருள் நல்லது, எந்த மைக் வாங்கலாம், எந்த வயதில் தொடங்கலாம் என்று ஆசிரியர்கள் நீங்கள் வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விக்கும் கடைக்காரர் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாமான்களெல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. இப்போது ஜொகூர் பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேரப்பிள்ளையிடம் கேட்டுத்தான் என் கைப்பேசியையே நான் திறக்கிறேன்.

சிறப்புக் கல்வி ஆசிரியையாக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு கதவைப் பற்றிய விஷயம். சிரிக்காதீர்கள். எழுத வராத பிள்ளைகளிடம் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைக் கொண்டுபோகப் போகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதைக் கொண்டுபோகிற அறைக்குக் கதவு இருக்கிறதா, அது சாத்துமா என்று முதலில் பாருங்கள். ஏன் என்று கேட்டால் லோஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள், மாற்றியிருக்கிறேன்.

செடெனாக் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. லோஷினி அங்கே ஐந்தாம் ஆண்டு. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். சிற்றுண்டிச் சாலையில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் மற்றப் பிள்ளைகள் மீ கோரெங் நூடுல்ஸை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதே பிள்ளை பென்சிலைக் கையில் எடுத்தால் வேறு ஆள். ஒரு வரி எழுதுவதற்குள் விரல் வெளுத்து, உதட்டைக் கடித்து, தாள் கிழிந்து, கடைசியில் பார்த்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். படிப்பாள், நன்றாகவே படிப்பாள். கைக்கு மட்டும் எழுத்து வராது. சோம்பேறி என்று நான்கு வருஷமாகப் பட்டம் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவள் அப்பா சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் தாண்டிப் போய், பிள்ளை தூங்கப் போகிற நேரத்துக்குத் திரும்புகிறவர். அப்போது ஜொகூரில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, அவருக்கு ஞாயிறு. ஆகவே அப்பாவும் மகளும் ஒன்றாக வீட்டில் இருக்கிற நாள் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இவள் பள்ளி விட்டு வந்ததும் கையைப் பிடித்து எழுத வைப்பாராம். ஒரே ஒரு முறை என்னைப் பார்க்க வந்தார். மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"கைய புடிச்சி எழுத வச்சிப் பாக்குறேன் டீச்சர். அவ அழுவுறா. அதப் பாத்து நானும் அழுவுறேன். ரெண்டு பேரும் அழுதுகிட்டு இருந்தா அப்புறம் யாரு எழுதுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வாரமே மென்பொருளைத் தொடங்கினேன்.

பள்ளியில் கொடுத்த கருவி வழக்கம்போல் படுத்துவிட்டதால் என் சொந்தக் கைப்பேசியில்தான் எல்லாம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன சாமான் அறை இருந்தது. பழைய நாற்காலிகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, மேசை ஒன்று போட்டு, மின்விசிறியை நிறுத்தி வியர்க்க வியர்க்க உட்கார்ந்தோம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மெல்லிய பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்கள் மைலோ கலக்கிக் குடிக்கிற இடம். கதவு ஒன்று இருந்தது. நான் அதைச் சாத்தியதே இல்லை. சாத்தினால் காற்று வராது, அவ்வளவுதான் அப்போது என் யோசனை.

முதல் நாள் அவள் சொன்னது ஆயர் ஈத்தாமில் மண்பாண்டம் செய்கிற இடத்துக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா போன கதை. சக்கரத்தில் தான் செய்த கோப்பை எப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதைப் பார்த்து யார் யார் சிரித்தார்கள் என்று நடுவில் 'லா', 'அலமாக்' என்று மலாய்ப் பேச்சும் கலந்து சொல்லிக்கொண்டே போனாள். மென்பொருள் சிலதை விழுங்கியது, சிலதைக் குழப்பியது. இருந்தாலும் திரை நிறைய எழுத்து. அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், இது நான் எழுதுனதா?"

"பின்ன, நானா எழுதுனேன்?" என்றேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இந்தத் தொழிலில் நமக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைப்பது அந்த மாதிரி முகங்கள்தாம்.

அடுத்த மாதம் பெற்றோர் நாள் வந்தது, ஒரு வியாழக்கிழமை. தலைமையாசிரியருக்கு லோஷினியை மேடையேற்ற ஆசை. கைப்பேசியைப் பெரிய திரையோடு இணைத்து, அவள் பேசப் பேச எழுத்து வருவதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றார். அவளுக்கு எல்லாரும் பார்ப்பது முக்கியமே இல்லை. ஒரே ஒருவர் பார்க்க வேண்டும். என் கைப்பேசியிலேயே, தானாகவே பேசி, அப்பா எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'அப்பா வியாழக்கிழமை பள்ளிக்கு வாங்க. நான் எழுதுறத நீங்க பாக்கணும்.' அவள் வாழ்க்கையில் பிறர் உதவியில்லாமல் எழுதிய முதல் செய்தி அதுதான். அரைநாள் விடுப்புக் கேட்டுவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே, நாமே போய்ச் சொல்லுவோம் என்று அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்பியிருந்தார். அம்மா செனாயில் ஒரு தொழிற்சாலையில் பகல் வேலை. அவரால் வர முடியாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் கூட்டம். லோஷினியின் முறை வந்தது. அப்பா வரட்டும் என்றாள். சரி என்று அடுத்த பிள்ளைகளின் நடனத்தை முன்னால் போட்டோம். அதுவும் முடிந்தது. அப்பா வரட்டும் என்றாள் மறுபடியும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது அடித்த அடியில் மேடையில் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார், ஆரம்பியுங்கள் ஆரம்பியுங்கள் என்று. நான் ஆரம்பிக்கவில்லை.

கடைசியில் மண்டபத்து வாசலில் வந்து நின்றவர் அவளுடைய சித்தப்பா. தலைக்கவசம் கையில் இருந்தது. தண்ணீர் சொட்டியது. அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மேடையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளிடம் போனேன்.

"அப்பா மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கி நிக்கிறாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகு, நெடுஞ்சாலையில், மழையில். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

துக்க வீட்டுக்குப் போனேன். பெண்களெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து, வாய்விட்டு அழுடி, அழுதுடு, உள்ளே வைக்காதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. நல்லா இருந்த மனுஷன் ஏன் அன்றைக்குப் பார்த்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். உடம்புக்கு ஏதோ சரியில்லை போல என்று அவள் அம்மா சொன்னார். காரணம் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர்தான். ஒருத்தி அந்தக் குழந்தை, இன்னொருத்தி நான். நான் வாயெடுக்கப் போனபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அது அவள் சொல்ல வேண்டியது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், தலையாட்டுவாள். பேச்சு மட்டும் இல்லை. எந்தப் பிள்ளைக்கும் துக்கத்தில் கொஞ்ச நாள் பேச்சு நின்றுபோகும், அது புதிதில்லை. ஆனால் மற்றப் பிள்ளைக்குப் பென்சில் இருக்கிறது. பேச முடியாததைத் தாளில் கிறுக்கியாவது வைக்கும். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வழி. பேச்சு நின்றதும் எழுத்தும் நின்றுபோயிற்று. நாங்கள் அவளுக்குத் திறந்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்ட வாசல், உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டுவிட்டது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்த அறையில் தினமும் உட்கார்ந்தோம். மென்பொருளைத் திறப்பேன். மைக் படம் துடிக்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றும் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். மறுபடி அழுத்துவேன். அது மறுபடி அணையும். வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

இதற்கு நடுவில் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கியது. தனி அறையில் பேசி எழுத அவளுக்கு வாய்மொழியாக அனுமதி கிடைத்திருந்தது. பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறாளே, அப்புறம் எதற்கு இந்தச் சலுகை, பென்சிலையே கொடுத்துவிடலாமே என்று தலைமையாசிரியர் கேட்க ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பென்சிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்பவும் அதே சோம்பேறிப் பட்டம், இந்த முறை அப்பாவும் இல்லாமல்.

ஆலோசனை ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். அப்பாவைப் பற்றியே எழுதச் சொல்லுவோம், மனதில் இருப்பது வெளியே வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும் என்று. நல்ல யோசனைதான், எனக்கும் சரியாகப் பட்டது. அன்று காலை அந்தச் சின்ன அறையில் நான், ஆலோசனை ஆசிரியை, வகுப்பாசிரியை மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்று பேருக்கும் அவள்மேல் உயிர். அதில் பொய் இல்லை. பேசும்மா, பேசு லா, அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லு, தப்பு வந்தால் பரவாயில்லை, நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்று மாறி மாறிச் சொன்னோம். துக்க வீட்டில் அந்தப் பெண்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம். படித்த முட்டாள்கள்.

மைக் அணைந்தது. நான் அழுத்தக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், மத்தவங்க எழுதும்போது இப்பிடி கைய வச்சி மறைச்சிக்கிறாங்க." இடது கையை மேசைமேல் வளைத்துக் காட்டினாள். "நான் எப்பிடி மறைக்கிறது?"

குரல் உடைந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த குரல் அது. வகுப்பறையில் அந்த வளைத்த கையை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம். பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடக் கூடாது என்று மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். எழுதி முடிக்கிறவரை அது தன்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காகவும் ஒரு பிள்ளை மறைக்கும். பேசி எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கை கிடையாது. அவள் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் நாம் காது கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

"நீங்க எல்லாரும் வெளிய போறீங்களா?" என்றாள்.

பிள்ளையைக் கைப்பேசியோடு தனியாக விடக் கூடாது என்று பள்ளியில் விதி இருந்தது. வகுப்பாசிரியை அதை எனக்கு ஞாபகப்படுத்தினார். துக்கத்தில் இருக்கிற பிள்ளை, தனியாக விடலாமா என்று ஆலோசனை ஆசிரியையும் தயங்கினார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யோசிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் அந்தக் குரல் எப்போது திரும்ப உள்ளே போய்விடும் என்று தெரியாது. நான் எழுந்துவிட்டேன். மற்ற இருவரையும் கிளப்பினேன். கதவைச் சாத்தினேன். மழை ஈரத்தில் உப்பியிருந்த கதவு, தோளால் முட்டித்தான் சாத்த வேண்டியிருந்தது.

சாத்திய பிறகுதான் பலகைத் தடுப்பு நினைவுக்கு வந்தது. ஓடினேன். மைலோ கலக்குகிற இடத்தில் இளம் ஆசிரியை ஒருத்தி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்ச் சாப்பிடு என்றேன். ஏன் டீச்சர் என்றாள். போ என்றேன். பொட்டலத்தோடு எழுந்து போனாள், பாவம், இன்றுவரை அவளுக்குக் காரணம் தெரியாது. நானும் போயிருப்பேன். ஆனால் நான் நகர்ந்தால் அடுத்தவர் வந்து உட்காருவார். ஆகவே அங்கேயே காவல் நிற்பது, குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவுவது, அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்காது என்று ஒரு கணக்குப் போட்டேன்.

குழாயை முழுசாகத் திறந்தேன். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் இல்லை.

அந்த ஒரு கணத்து நிசப்தத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம், அவள் பேசுவது கேட்டுவிட்டது.

"அப்பா, வியாழக்கிழம பள்ளிக்கு வராதீங்க. மழ பேயுது. நான் இன்னொரு நாள் எழுதிக் காட்டுறேன்."

கையில் அகப்பட்ட கரண்டிகளை எடுத்து, தட்டை எடுத்து, காலி டப்பாவை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன். எதையும் கழுவவில்லை, துடைக்கவில்லை. சத்தம் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள் நானும் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் இந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து அவளே கதவை இழுத்துத் திறந்துகொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். கைப்பேசியைத் திரை தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அப்பா நம்பருக்கு அனுப்பலாமா டீச்சர் என்று கேட்டாள்.

நான் கேட்டதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. இதுவும் உங்களுக்குச் சொல்கிறேன், காதில் விழுந்துவிட்டாலும் விழாத மாதிரி இருக்கப் பழகுங்கள். அப்பாவுடைய கைப்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"அம்மாகிட்ட. தெனமும் சார்ஜ் போட்டு வேலைக்கும் எடுத்துக்கிட்டுப் போறாங்க. தெறந்து மட்டும் பாக்க மாட்டாங்க."

"அனுப்புனா சத்தம் கேட்டு அம்மா தெறந்து படிப்பாங்களே."

"படிக்கட்டும் டீச்சர்."

இந்த இடத்தில் என்னைச் சுற்றி யாரும் இல்லை. கேட்டுச் செய்ய நேரமும் இல்லை. அனுப்பச் சொன்னால், கணவனை இழந்த ஒரு பெண் வேலையிடத்தில் நின்றுகொண்டு அதைப் படிப்பாள். இந்தச் செய்தியைப் படித்தால் இதற்கு மேலே இருக்கிற பழைய செய்தியையும் படிப்பாள். வேண்டாம் என்றால், இந்தக் குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு ஆயுள் முழுக்க நடப்பாள். எது சரி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் கேட்டுவிட்டாள், அவள் எழுதியது, யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அனுப்பும்மா என்றேன். அனுப்பினாள். இனி உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள், படிக்காமல் என்றாள். படிக்காமல் அழித்தேன். என் காதில் விழுந்த அந்த மூன்று வரிக்கு மேல் அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த ஆண்டு தேர்வைத் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பேசித்தான் எழுதினாள். கண்காணிப்பவர் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றார். அதற்காக நான் போட்ட சண்டை வேறு கதை. பழைய லோஷினி திரும்பி வந்தாள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சிற்றுண்டிச் சாலையில் அவள் மறுபடி கதை சொல்லி நான் கேட்கவே இல்லை. கேட்டதற்குப் பதில், தேவைக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். இப்போது பெரிய பெண், வேலைக்குப் போகிறாள். இதையெல்லாம் இந்த ஆசிரியர்களிடம் சொல்லவா என்று நான் கேட்டபோதுகூட, கதவு கிடைக்கும்னா சொல்லுங்க டீச்சர் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. அனுப்பிய அன்று மத்தியானம், பள்ளி விடுகிற நேரத்தில், அவள் அம்மா வந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு, காலில் வேலைச் சப்பாத்தோடு. கணவருடைய கைப்பேசி கையில் இருந்தது. அவ எங்க டீச்சர் என்றார். அறையைக் காட்டினேன். லோஷினி எழுந்து நின்றாள். அம்மா உள்ளே போய் அவளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நாங்க கொஞ்சம் பேசணும். வெளிய இருக்கீங்களா?"

வெளியே வந்து தோளால் முட்டிக் கதவைச் சாத்தினேன். யாரும் போய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். எப்போது வந்ததோ, தண்ணீர் வந்துவிட்டிருந்தது. காலையில் நான் திறந்துவிட்டுப் போன குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து, தரையெல்லாம் ஓடி, என் செருப்பு நனைந்தது. அந்த இரைச்சலில் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் குழாயை மூடவில்லை.